வேலிக்கு உள்ளே வில்லோ, வெளியே புல்

கொலராடோவில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் மேற்குப் பக்கம் கவுனீச்சி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஏழு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் தண்ணீர் கொடுக்கிற கொலராடோ ஆறு இந்த இடத்தில் ஒரு ஓடை மாதிரிதான் இருக்கும். கோடை முடிவில் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு கடந்துவிடலாம். சாலையோரத்தில் கார்கள் வரிசையாக நின்றால் பக்கத்தில் மூஸ் என்ற பெரிய மான் நிற்கிறது என்று அர்த்தம். எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். அந்த மூஸ் எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அது தின்பது வில்லோ. நான் எழுத வந்தது அந்தச் செடியைப் பற்றி.

வில்லோ என்றதும் நம் ஆட்களுக்குக் கிரிக்கெட் மட்டை ஞாபகம் வரும். சரிதான், இங்கிலாந்திலும் காஷ்மீரிலும் மட்டைக்காக வளர்க்கும் மரமும் இதே குடும்பம்தான். ஆனால் இந்த மலைகளில் இருக்கும் வில்லோ பெரும்பாலும் புதர். ஒரு வேரிலிருந்து பத்து இருபது தண்டுகள் கிளம்பி, ஆள் உயரத்துக்கோ அதைவிட இரண்டு மடங்கோ நிற்கும். ஓடைக்கரை, சதுப்பு, பீவர் (ஓடையில் கம்பை வைத்து அணை கட்டும், பெரிய எலி மாதிரியான பிராணி) உண்டாக்கிய குளத்தின் விளிம்பு என்று கால் நனைகிற இடமாகப் பார்த்து வளரும். குளிர்காலத்தில் எல்லாம் வெள்ளையாகிவிட்ட பிறகு மஞ்சளும் ஆரஞ்சும் கருஞ்சிவப்புமாகத் தெரியும் அந்தக் கம்புகள்தான் பனிக்கு அடியில் ஓடை எந்த வழியாகப் போகிறது என்று காட்டும்.

இனம் பிரித்துச் சொல்வது கஷ்டம். இந்த மலைகளிலேயே இருபதுக்குக் குறையாத வில்லோ வகைகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு ஒன்றோடு ஒன்று கலந்தும் விடும். அதனால் தாவரவியல் படித்தவர்களே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு குச்சி வில்லோவா இல்லையா என்று தெரிந்துகொள்ள இலைகூட வேண்டாம். மொட்டைப் பாருங்கள். மற்ற மரங்களில் பலவற்றின் மொட்டைப் பல செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கும். வில்லோ மொட்டுக்கு ஒரே செதில். நகத்தால் மெல்லத் தள்ளினால் முழுசாகக் கழன்று வந்துவிடும். உள்ளே வெள்ளி நிறத்தில் பூனை ரோமம் போல மெத்தென்று இளம் பூங்கொத்து இருக்கும். கெய்யர் வில்லோ என்று ஒரு வகை இங்கே அதிகம். அதன் இளங்குச்சியின் மேல் வெளிறிய நீலத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தால் போதும், பூச்சு போய் அடியில் பளபளக்கும் பழுப்புத் தோல் தெரியும்.

சில கிளைகளின் நுனியில் சின்னப் பைன் காய் ஒன்று தொங்கும். முதல்முறை பார்க்கிற யாருக்கும் குழப்பமாக இருக்கும், வில்லோவில் எப்படிப் பைன் காய் என்று. அது காயே கிடையாது. கொசு அளவுள்ள ஒரு ஈ நுனி மொட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். புழு உள்ளே உட்கார்ந்ததும் கிளை மேற்கொண்டு நீளாது. இலையாக விரிந்திருக்க வேண்டியவை எல்லாம் செதில் செதிலாக அடுக்கிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் ஒரே ஒரு புழு, குளிர்காலம் முழுக்க அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டு வசந்தத்தில் ஈயாக வெளியே வரும்.

ஆண் செடி தனி, பெண் செடி தனி. பனி முழுசாக விலகும் முன்பே ஆண் செடியில் மஞ்சள் மகரந்தம் வந்துவிடும். குளிர்காலத்தை மண்ணுக்குள் தூங்கிக் கழித்துவிட்டு எழுந்து வருகிற பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயின் ராணிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் சாப்பாடு. வேறு பூ அப்போது மலையில் அதிகம் இருக்காது.

விதையின் கதைதான் என்னை இந்தச் செடியின் பக்கம் இழுத்தது. பஞ்சோடு பறக்கும் தூசி அளவு விதை அது. பெரும்பாலான வகைகளில் அதற்கு ஆயுசு சில நாட்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்கள். அதற்குள் ஈரமான, புல் மூடாத, வெயில் படும் வெறும் மண்ணில் விழ வேண்டும். அப்படிப்பட்ட மண் எப்போது கிடைக்கும்? பனி உருகி ஆறு கரைபுரண்டு ஓடி, புது வண்டலைப் பரப்பிவிட்டு வடிகிற அந்தக் கொஞ்ச நாள்தான். செடி விதை பறக்கவிடும் நேரமும் வெள்ளம் வடிகிற நேரமும் ஒன்றாக வருகின்றன. விழுந்த விதை ஒரு நாளிலேயே முளைத்துவிடும். அதன் பிறகு தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இறங்க வேரும் பின்னாலேயே இறங்க வேண்டும். தண்ணீர் வேரைவிட வேகமாக இறங்கினால் அந்த வருஷத்துக் கன்று அத்தனையும் காய்ந்துபோகும். வெள்ளமே வராவிட்டால் முளைக்கவே இடமில்லை. ஆற்றின் போக்கு மாறினால் முதல் அடி விழுவது இந்தச் செடிக்குத்தான் என்பது இதிலிருந்தே புரியும்.

விதையில்லாமலும் வரும். தண்டுக்குள்ளேயே வேருக்கான கரு தயாராக இருப்பதால் ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும். பீவர் கடித்துப் போட்ட குச்சி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்ச் சேற்றில் குத்தி நின்றால் அங்கே ஒரு புதர் கிளம்பிவிடும்.

பீவருக்கும் வில்லோவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைத்தான் இந்த நிலங்களின் அடிப்படை என்று நினைக்கிறேன். இலையுதிர்காலத்தில் பீவர் வில்லோவை அடியோடு வெட்டும். பட்டையைத் தின்னும், மிச்சக் கம்பை அணைக்கு வைக்கும், கொஞ்சம் கிளைகளைக் குளத்துக்கு அடியில் சேர்த்து வைத்துக்கொண்டு மேலே பனிக்கட்டி மூடிய பிறகு எடுத்துத் தின்னும். வெட்டுப்பட்ட புதருக்கு வேரில் சேமிப்பு இருக்கிறது. அடுத்த கோடையில் அடியிலிருந்து நீள நீளமாகத் துளிர்க்கும். அணை தண்ணீரை மறித்துப் பக்கத்து மண்ணில் ஏற்றும். ஆகஸ்டு கடைசியில் மேட்டு நிலம் காய்ந்து கிடக்கும்போதும் அணையை ஒட்டிய நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் தெரியும். வில்லோ இருந்தால் பீவர், பீவர் இருந்தால் தண்ணீர், தண்ணீர் இருந்தால் வில்லோ.

இந்த வட்டத்துக்குள் எல்க் மான் வந்தால் என்ன ஆகும் என்று புரூஸ் பேக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதே பூங்காவில் சோதித்துப் பார்த்தார்கள். பீவர் வெட்டுவது போலவே வில்லோவை வெட்டிவிட்டு, பாதியை எல்க் மேயவிட்டார்கள், பாதியை மேயாமல் காத்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. மேயாமல் விட்ட புதர்கள் இரண்டே வளர்பருவத்தில் வெட்டுவதற்கு முன் இருந்த அளவில் 84 சதவீதத்தை மீட்டுக்கொண்டன. மேயவிட்டவை மீட்டது 6 சதவீதம். வெட்டைத் தாங்கும், மேய்ச்சலையும் ஓரளவு தாங்கும், இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

எல்க் இங்கே இவ்வளவு பெருகியதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. 1800களின் கடைசியில் வேட்டைக்காரர்கள் எல்க்கை ஏறக்குறையத் துடைத்துவிட்டார்கள். அப்புறம் 1913, 14இல் வடக்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து கொண்டுவந்து, இந்தப் பூங்காவின் கிழக்கே உள்ள எஸ்டஸ் பார்க் என்ற ஊர்ப் பக்கம் விட்டார்கள். 1940கள் வாக்கில் கொலராடோவில் ஓநாய் இல்லாமல் போய்விட்டது. பூங்காவுக்குள் வேட்டைக்கும் தடை. பீவர்களைத் தோலுக்காகப் பிடித்துத் தீர்த்த கதை அதற்கும் முந்தியது. மேற்குப் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. 1978, 79இல் யூட்டாவிலிருந்தும் வயோமிங்கிலிருந்தும் இரண்டு டஜன் மூஸ்களைக் கொண்டுவந்து மலைக்கு அந்தப் பக்கம் நார்த் பார்க் என்ற பள்ளத்தாக்கில் விட்டார்கள். இங்கே அதற்கு முன்பு மூஸ் கூட்டமாக வாழ்ந்ததில்லை. அவை பெருகி மலை தாண்டி கவுனீச்சிக்கும் வந்துவிட்டன. கோடையில் மூஸ் தின்பதில் பெரும்பகுதி வில்லோ இலைதான்.

அதோடு முடியவில்லை. செம்பிடரி சாப்சக்கர் என்ற சின்ன மரங்கொத்தி வில்லோத் தண்டில் வரிசையாகத் துளை போட்டுச் சாறு குடிக்கும். அந்தக் காயத்தின் வழியாக சைட்டோஸ்போரா என்ற பூஞ்சை உள்ளே போகும். துளைக்கு மேலே உள்ள தண்டு காய்ந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை, உயரமான ஒரு தண்டு செத்தால் அடியிலிருந்து இன்னொன்று மேலே வரும். இப்போது அந்தப் புதுத் தண்டை மூஸோ எல்க்கோ நுனியிலேயே கிள்ளிவிடுகிறது. நடந்து பார்த்தால் தெரியும்: நடுவில் சாம்பல் நிறத்தில் செத்த கம்புகள், காலடியில் முழங்கால் உயரத்துக்குக் கடிபட்டுக் கடிபட்டு முறுக்கிக்கொண்ட துளிர்கள், இடையில் எதுவுமே இல்லை. அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இறந்துபோன புதருக்குக்கூட ஒரு முடிவு உண்டு. இது வருஷக்கணக்காக முயன்றுகொண்டே இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரில் நிமிர்ந்து பார்த்தால் மலையைக் குறுக்கே கீறியது போல நேராக ஒரு கோடு தெரியும். அது கிராண்ட் டிச் என்ற கால்வாய். 1890இல் தொடங்கி 1936இல் முடித்தார்கள். சுமார் 23 கிலோமீட்டர். நெவர் சம்மர் மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகளைப் பாதி வழியிலேயே பிடித்து, மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே வயல்களுக்குக் கொண்டுபோகிறது. 2003இல் அதன் கரை உடைந்து, மண்ணும் பாறையுமாகச் சரிந்து கீழே சதுப்பை மூடிய இடம் பிறகு பல வருஷம் அப்படியே கிடந்தது. நான் இருப்பது கிழக்கே ஃபோர்ட் காலின்ஸில். எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கமும் மேற்குச் சரிவுத் தண்ணீரால் நிறைவதுதான். அது வேறு திட்டம், மலையைக் குடைந்து 21 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. கால்வாய்க்காரர்களைத் திட்டுவது சுலபம். நான் காலையில் காப்பி போடுவதும் அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான்.

இனி யெல்லோஸ்டோன். ஓநாய்களை விட்டதும் ஆறே மாறிவிட்டது என்ற காணொளி நம் வாட்ஸப் குழுக்களிலும் பலமுறை சுற்றியிருக்கிறது. 1995லும் 96லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் குறைந்தது, வில்லோ வளர்ந்தது, பீவர் திரும்பியது, ஆறு நிமிர்ந்தது என்று கதை போகும். கேட்க அருமையாக இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. வடக்கு யெல்லோஸ்டோனில் 1994இல் 19,000 அளவில் இருந்த எல்க் 2013இல் 4,000க்கும் கீழே போனது. ஓநாயோடு கரடியும் வேட்டையும் வறட்சியும் சேர்ந்து செய்த வேலை அது. சில ஓடைகளில் வில்லோ நன்றாகவே நிமிர்ந்தது.

ஆனால் பல ஓடைகளில் நிமிரவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எங்கள் ஊர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கூப்பரும் டாம் ஹாப்ஸும் அவர்களோடு வேலை செய்தவர்களும். 2001இல் ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள். சின்ன ஓடைகளில் சில இடத்தில் பீவர் அணை போலத் தடுப்பு, சில இடத்தில் எல்க் நுழையாத வேலி, சில இடத்தில் இரண்டும், சில இடத்தில் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் போய் அளந்தார்கள். தடுப்பும் வேலியும் சேர்ந்த இடத்தில் வில்லோ எல்க்கின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வேலி மட்டும் போட்ட இடத்தில், அதாவது ஒரு எல்க்கூட வாய் வைக்காத இடத்தில், பத்து வருஷம் கழித்தும் அந்த வளர்ச்சி இல்லை. தண்ணீர் எட்டவில்லை, அவ்வளவுதான் காரணம்.

நடந்தது இதுதான். ஓநாய் இல்லாத சுமார் எழுபது வருஷத்தில் எல்க் வில்லோவைத் தின்றது, வில்லோ இல்லாமல் பீவர் போனது, பராமரிக்க ஆளில்லாமல் அணைகள் உடைந்தன. உடைந்த இடத்தில் ஓடை வேகம் பிடித்து அடிமண்ணை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கியது. ஓடை இறங்கினால் பக்கத்து நிலத்தடித் தண்ணீரும் இறங்கும். சதுப்பாக இருந்த இடம் புல்வெளியாகிவிட்டது. இப்போது ஓநாயைக் கொண்டுவந்து விட்டால் எல்க் குறையும். ஆனால் ஓடையின் படுகை தானாக மேலே ஏறி வராது. அதை ஏற்றக்கூடியது பீவர். பீவர் வர உயரமான வில்லோ வேண்டும். வில்லோ உயரத் தண்ணீர் வேண்டும். முன்பு ஒன்றையொன்று தாங்கி நின்ற அதே வட்டம் இப்போது ஒன்றையொன்று வரவிடாமல் பூட்டிக்கொண்டு நிற்கிறது.

வில்லோ எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எந்த ஓடையை அளக்கிறோம், எந்தப் புதரை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. நான் நிற்பது தண்ணீர்ப் பக்கம். ஓநாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும், அது இருக்க வேண்டிய இடம்தான். 2020இல் கொலராடோ மக்கள் வாக்களித்து, 2023 டிசம்பரில் முதல் பத்து ஓநாய்களை ஆரிகனிலிருந்து கொண்டுவந்து விட்டபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு விலங்கைத் திரும்ப விட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவது ஆபத்து. அந்தக் கதையை நம்பினால் அடுத்து செய்ய வேண்டிய சேற்று வேலைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

சேற்று வேலை நடக்கிறது. பூங்காவின் கிழக்குப் பக்கம், மொரேன் பார்க் புல்வெளியில் 2008க்குப் பிறகு உயரமான வேலிகள் போட்டு வில்லோவைக் காக்கிறார்கள். எல்க்கும் மூஸும் நுழையாது, சின்னப் பிராணிகள் போய்வர அடியில் இடைவெளி உண்டு. வேலிக்கு வெளியே பசேலென்று புல், அழகாகத்தான் இருக்கும். உள்ளே போனால் வில்லோவுக்குள் ஆள் மறைந்துவிடலாம்.

அப்பா ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது அந்த வேலிப் பக்கம் அழைத்துப் போனேன். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போட்டவர். உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். அப்புறம் கீழே ஓடையைப் பார்த்தார்.

"ஏட்டி, வேலி போட்டா மாடு வராது. சரி. தண்ணி இம்புட்டு ஆழத்துல கெடக்கே, அதுக்கு என்ன செய்வாக?"

நான் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஓடையின் குறுக்கே வரிசையாக மரக்கம்புகளை அடித்து, இடையில் வில்லோக் கிளைகளைப் பின்னி, சேறும் புல்கட்டியும் வைத்து அடைத்த தடுப்பு. பீவர் அணையைப் பார்த்து மனிதர்கள் கட்டுவது. கிளையில் சிலது பச்சையாகவே இருந்தால் துளிர்த்தும் விடும். இப்போது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல ஓடைகளில் இதைச் செய்கிறார்கள். தண்ணீர் தடுப்புக்குப் பின்னால் தேங்கும், வண்டல் படியும், படுகை வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும்.

"இது நம்ம வாய்க்கால்ல கம்பு ஊனி, தழையும் மண்ணும் போட்டு மறிக்கதுதான. ஒரு வெள்ளம் வந்தா போயிருமே."

போகும்தான். போனால் மறுபடி கட்ட வேண்டும். அதைச் சம்பளம் வாங்காமல் ராத்திரி ராத்திரியாகச் செய்கிற ஒரே ஆள் பீவர் என்றேன். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊருக்குப் போன பிறகும் போனில், "அந்த எலி வந்துச்சா?" என்று கேட்பார்.

2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் காட்டுத்தீ இந்தப் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் புகுந்து, மலைமுகட்டையே தாண்டிக் கிழக்கே குதித்தது. எங்கள் ஊரில் பகலிலேயே வானம் ஆரஞ்சாக இருந்தது. அதே வருஷம் எமிலி ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் வேறு காட்டுத்தீகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தார். பீவர் அணை உள்ள ஓடைக்கரைகள் தீ நடுவிலும் பசுமையாக நின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியிருந்தார். ஈரம் நிறைந்த வில்லோக் காடு சுலபத்தில் பற்றாது. அப்படி ஒரு காடு கவுனீச்சி முழுக்க இருந்த காலம் ஒன்று உண்டு என்பது தெரிந்ததால் அந்தப் புகையில் மூச்சு விடுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வில்லோவை நம்பி இருப்பவர்களில் எனக்குப் பிரியமான ஆளைச் சொல்லாமல் விட முடியாது. வெண்வால் டார்மிகன், கௌதாரி போன்ற உருவம், குளிர்காலத்தில் முழு வெள்ளை, விரல் வரைக்கும் இறகு. டென்வருக்கு மேற்கே சுமார் 3,550 மீட்டர் உயரத்தில் உள்ள குவானெல்லா கணவாய்க்குக் குளிர்காலத்தில் அவை வந்து சேரும். பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வில்லோ மொட்டும் குச்சியும்தான் அங்கே அவற்றுக்குச் சாப்பாடு, வேறு எதையும் தேடுவதே இல்லை என்று சொல்லலாம். இதில் ஒரு துக்கமும் உண்டு. வில்லோ மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுத்துத் தன் கிளையில் சேர்த்துவைக்கும் குணமுள்ளது. கொலராடோவின் பழைய சுரங்கப் பகுதியில் அந்த மொட்டுகளையே தின்று வளர்ந்த டார்மிகன்களின் சிறுநீரகம் கெட்டிருப்பதையும் எலும்பு பலவீனமாகியிருப்பதையும் 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளியும் தங்கமும் தோண்டியவர்களில் பெரும்பாலானோர் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

நம் பக்கத்திலும் வில்லோ உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வளரும் ஆற்றுப்பாலையும் ஒரு வில்லோதான். கொடைக்கானலோ நீலகிரியோ போகிறவர்கள் ஓடையோரத்தில் கண்ணை ஓட்டினால் தென்படலாம். மொட்டைத் தள்ளிப் பாருங்கள், செதில் அங்கேயும் ஒன்றுதான்.

கொலராடோ பக்கம் வருகிறவர்கள் மூஸையும் எல்க்கையும் பார்த்துவிட்டு மொரேன் பார்க் வேலிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஆட்கள் போகக் கதவு வைத்திருக்கிறார்கள், உள்ளே போகலாம். ஜூன் மாதம் என்றால் கொசு பிடுங்கும், காலணி நனையும், பரவாயில்லை. வெளியே வரும்போது கதவை இழுத்துச் சாத்தி, கொக்கி விழுந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.